இரத்த அழுத்தமும் இரத்த ஓட்டமும்: ஐ.சி.யூ. வாசலில் நாங்கள் அறிந்தவை



தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். “பி.பி. எவ்வளவு?” என்பது ஒன்று. “டிரிப்ஸ் ஏறுகிறதா?” என்பது மற்றொன்று. பி.பி. உயர்ந்தால் அனைவர் முகத்திலும் நிம்மதி தெரியும். டிரிப்ஸ் நிறுத்தப்பட்டால், கைவிட்டுவிட்டார்களோ என்ற கலக்கம் பரவும். இவ்விரண்டு கேள்விகளுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை உடலுக்கு அனுப்புகிறது? மருத்துவர்கள் இரவு பகலாக விடை தேடுவது இந்தக் கேள்விக்குத்தான். எங்கள் அம்மாவின் நோய் வழியாக இதனை அறிந்துகொண்டோம். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

புதுச்சேரி உப்பளத்தில் நாங்கள் உடன்பிறந்தார் மூவர் அருகருகே வசிக்கிறோம். மூத்த அண்ணன் பாரிஸ் நகருக்கு அருகில் குடியிருக்கிறார். பிரெஞ்சுத் தொடர்புள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போலவே எங்கள் வீட்டிலும் பாதி உறவு கடல் கடந்துதான் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 71. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முறை மாரடைப்பும் வந்திருந்தது. சிறுநீர்த் தொற்றாகத் தொடங்கிய காய்ச்சல் இரண்டே நாளில் இரத்தத்தில் கலந்தது. ஃபஜ்ரு தொழுகைக்கு எழுப்பச் சென்றபோது அவர் பேச்சு குழறியது, கைகள் குளிர்ந்திருந்தன. நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். “செப்டிக் ஷாக்” என்றார்கள். தொற்றின் தாக்குதலால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரத்தம் செல்ல வேண்டிய இடங்களுக்குப் போதிய அளவு செல்லாத நிலைக்கு அப்பெயர்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 70 துடிப்புகள் என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். உடலிலுள்ள இரத்தம் முழுவதும் ஒரே நிமிடத்தில் இதயத்தைக் கடந்து ஒரு சுற்று வந்துவிடுகிறது என்று சொல்லலாம். இந்த 5 லிட்டரைத்தான் மருத்துவர்கள் இதய வெளியேற்றம் என்கிறார்கள். இது குறைந்தால் சிறுநீரகமும் மூளையும் குடலும் பட்டினி கிடக்கின்றன.

பி.பி. காட்டுவது இந்த அளவை அன்று. தோட்டத்தில் நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். நீர் வேகமாகப் பீறிட்டு அடிக்கும். ஆனால் அதனால் வாளி முன்னைவிட விரைவாக நிறைந்துவிடாது. அழுத்தம் கூடியிருக்கிறது, ஓட்டம் கூடவில்லை. தளர்ந்த இரத்தக் குழாய்களை இறுக்குவதற்கு நார் அட்ரினலின் என்னும் மருந்தைச் செலுத்துகிறார்கள். பி.பி. உயர்கிறது. அந்த உயர்வு தேவையானதுதான். சராசரி அழுத்தம் 65க்குக் கீழே நீடித்தால் உறுப்புகள் தாங்கா. ஆயினும் திரையில் நல்ல எண் தெரிவதனாலேயே உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருளாகாது. அம்மாவுக்கு முதல் நாள் நண்பகலில் பி.பி. சீராகிவிட்டது என்று கேட்டு மகிழ்ந்தோம். மருத்துவரின் முகத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. சிறுநீர் மணிக்கு 10 மில்லி லிட்டர்கூட வரவில்லை என்றார். அம்மாவின் 60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மில்லி லிட்டராவது வர வேண்டுமாம்.

அன்று மாலை எழுந்தது டிரிப்ஸ் பற்றிய கேள்வி.

எங்கள் பகுதியின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. தீவிர சிகிச்சையின் முதல் மருந்தும் உப்பு நீர்தான். 1832ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர், வற்றிப்போன நோயாளிகளின் நரம்பில் நேரடியாக உப்பு நீரைச் செலுத்தினார். சாகக் கிடந்தவர்கள் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். அன்று தொடங்கிய முறைதான் இன்று நாம் டிரிப்ஸ் என்று அழைப்பது. செப்டிக் ஷாக்கிலும் முதல் மூன்று மணி நேரத்திற்குள் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி லிட்டர் அளவில் திரவம் கொடுக்கலாம் என்பது உலகளாவிய வழிகாட்டுதல். அம்மாவுக்கும் ஏறத்தாழ 1,800 மில்லி லிட்டர் கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

பாரிசிலிருந்து அண்ணன் பதறினார். “தண்ணி ஏத்துறதையே நிறுத்திட்டாங்களாமே, ஏன்? கேட்டீங்களா?” காரைக்காலிலிருந்து மாமாவும் அதையே கேட்டார். சோர்ந்து படுத்தவருக்கு இரண்டு பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம் ஊர்களில் வேரூன்றிய நம்பிக்கை அல்லவா? நாங்கள் மருத்துவரிடம் கேட்டோம். அவர் சலித்துக்கொள்ளாமல், ஒரு தாளை எடுத்து வளைகோடு ஒன்றை வரைந்து விளக்கினார்.

இதயத்தின் தசை, ஓரளவுக்கு ரப்பரைப் போன்றது. உள்ளே வரும் இரத்தம் அதனை எவ்வளவு விரிக்கிறதோ, அவ்வளவு வலுவாக அது சுருங்கி வெளியே தள்ளும். ஜெர்மனியில் ஆட்டோ ஃபிராங்க் என்பவரும் இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பவரும் நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்த விதி இது. ஆகவே திரவம் கொடுத்தால் இதய வெளியேற்றம் கூடும். ஆனால் அந்த வளைகோடு ஒரு கட்டத்தில் தட்டையாகிவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் இதயம் கூடுதலாக ஒரு துளியும் வெளியேற்றாது. ஊற்றிய நீர் நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும். ஏற்கெனவே மாரடைப்பால் தளர்ந்த இதயத்தில் அந்தக் கட்டம் விரைவாகவே வந்துவிடும்.

திரவம் எப்போதும் நன்மைதான் என்ற எண்ணத்தை மருத்துவ உலகமும் பெரும் விலை கொடுத்தே திருத்திக்கொண்டது. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. விரைவாக உப்பு நீர் செலுத்தப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்திற்குள் இறந்தவர்கள் 100க்கு 10.5 பேர். அவ்வாறு செலுத்தப்படாத குழந்தைகளில் இறந்தவர்கள் 7.3 பேர். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. அக்குழந்தைகளின் நிலைமையை எல்லா நோயாளிகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும், அளக்காமல் கொடுப்பது கருணை ஆகாது என்பதை அந்த ஆய்வு உலகிற்கு உணர்த்தியது.

இன்னும் திரவம் வேண்டுமா, வேண்டாமா என்பதை எப்படி அறிவது? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தலைப்பக்கம் உயர்ந்திருக்கும் கட்டிலை, உடல் கிடையாகவும் கால்கள் 45 பாகை உயர்ந்தும் இருக்குமாறு சாய்க்கிறார்கள். கால்களில் தங்கியிருக்கும் ஏறத்தாழ 300 மில்லி லிட்டர் இரத்தம் இதயத்தை நோக்கி இறங்கி வருகிறது. உடலுக்குள்ளேயே இருக்கும் இரத்தத்தைக் கொண்டு தற்காலிகமாக ஒரு டிரிப்ஸ் கொடுத்துப் பார்ப்பது போன்றது இது. ஒரு நிமிடத்திற்குள் எக்கோ கருவியால் இதய வெளியேற்றத்தை அளக்கிறார்கள். 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் கூடினால் திரவம் பயன் தரும். கூடாவிட்டால் கால்களை இறக்கிவிடலாம். ஒரு சொட்டு நீரும் கூடுதலாக உள்ளே போகவில்லை. பாரிசை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையின் மருத்துவர்கள் இச்சோதனையை முறையாக ஆராய்ந்து நிலைநாட்டியதில் முன்னணியில் இருந்தார்கள் என்று அறிந்து அண்ணனிடம் சொன்னோம். “இங்கே பக்கத்துலதானே!” என்று வியந்தவர், அதன்பிறகு சற்று அமைதியானார். அம்மாவுக்கு அச்சோதனையில் அளவு கூடவில்லை. டிரிப்ஸ் நிறுத்தப்பட்ட காரணம் அதுதான்.

இதய வெளியேற்றத்தை அளக்கும் கலைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நம் முன்னோர் ஒருவரின் பெயரும் இருக்கிறது. டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவப் பணி செய்து 1288இல் மறைந்த இப்னு அந்நஃபீஸ் அவர்களே அவர். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்திற்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலென் சொல்லியிருந்தார். இப்னு சீனாவின் மருத்துவ நூலும் அதனை ஒட்டியே சென்றது. அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விளக்கவுரை எழுதிய இப்னு அந்நஃபீஸ், அச்சுவர் திடமானது, அதில் துளைகள் இல்லை என்று மறுத்தார். இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். நூற்றாண்டுகளாகக் கவனிக்கப்படாதிருந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை, 1924இல் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் அத்ததாவி கண்டெடுத்து உலகிற்கு அறிவித்தார்.

இதனைப் பெருமைக்காக மட்டும் இங்கே குறிப்பிடவில்லை. உடலுக்குச் செல்லும் இரத்தம் முழுவதும் முதலில் நுரையீரலைக் கடந்தாக வேண்டும் என்றால், நுரையீரலில் ஓடும் இரத்தத்தை அளந்தால் போதும். இதய வெளியேற்றம் தெரிந்துவிடும். 1870இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் கண்ட வழி இதுவே. உடல் நிமிடத்திற்கு 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நுரையீரலைக் கடக்கும் ஒவ்வொரு லிட்டர் இரத்தமும் 50 மில்லி லிட்டர் ஆக்சிஜனைப் பெறுகிறது. அப்படியானால் கடந்து சென்ற இரத்தம் 5 லிட்டர். பள்ளி மாணவரும் போடக்கூடிய வகுத்தல் கணக்குதான்.

1970இல் லாஸ் ஏஞ்சலிசில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ஆகிய மருத்துவர்கள், நுனியில் சிறு பலூன் கட்டிய மெல்லிய குழாயை இரத்த ஓட்டத்தோடு மிதக்கவிட்டு நுரையீரல் தமனி வரை கொண்டுசென்றார்கள். கட்டிலருகிலேயே இதய வெளியேற்றத்தை அளக்க முடிந்தது. பல ஆண்டுகள் அக்குழாய் ஐ.சி.யூ.க்களில் தாராளமாகப் பயன்பட்டது. 1996இல் அமெரிக்காவில் 5,735 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அக்குழாய் செலுத்தப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது தெரியவந்தது. 2005இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று முடிவானது. வெறும் எண் யாரையும் குணப்படுத்துவதில்லை. அந்த எண்ணைக் கொண்டு எடுக்கும் முடிவே குணப்படுத்துகிறது. அதனால்தான் இன்று பெரும்பாலும் ஊடுருவாத எக்கோ கருவியையே முதலில் நாடுகிறார்கள். சிக்கலான நோயாளிகளுக்கு மட்டும் அக்குழாய் ஒதுக்கப்படுகிறது.

இதயத்தை மருந்தால் விரட்டி வேலை வாங்குவதிலும் இதே படிப்பினைதான். டொபூட்டமின் என்னும் மருந்து இதயத் தசையை வலுவாகச் சுருங்கச் செய்யும். இதய வெளியேற்றத்தை இயல்புக்கு மேலாக உயர்த்தினால் கூடுதலானோர் பிழைப்பார்கள் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 1994இல் லண்டனிலிருந்து வெளியான ஆய்வில், அவ்வாறு விரட்டப்பட்ட நோயாளிகளில் 54 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். விரட்டப்படாதவர்களில் இறந்தவர்கள் 34 விழுக்காட்டினர். களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது போன்ற செயல் அது. இன்று இம்மருந்தை, இதயம் உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது என்று எக்கோ காட்டினால், உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லை என்றும் தெரிந்தால், தேவையான அளவுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். நாடித்துடிப்பு தாறுமாறாகிறதா என்று இடைவிடாது கவனிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்கு அது தொடங்கப்பட்டது. அதன்பிறகு மருத்துவர் திரையைப் பார்த்ததைவிட அம்மாவின் விரலைப் பார்த்ததே மிகுதி. விரல் நுனியை அழுத்தி வெளுக்கச் செய்து, விட்டவுடன் எத்தனை நொடிகளில் சிவப்பு திரும்புகிறது என்று எண்ணுவார். மூன்று நொடிகளுக்குள் திரும்பினால் நல்லது. இயந்திரம் எதுவும் தேவையில்லாத இந்தச் சோதனை, லாக்டேட் என்னும் இரத்தப் பரிசோதனைக்கு ஈடாக வழிகாட்டக்கூடியது என்று 2019இல் தென் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. முதல் நாள் ஆறு நொடிகள் எடுத்தது. மூன்றாம் நாள் லுஹருக்குப் பின் மூன்று நொடிகள். சிறுநீர் மணிக்கு 35 மில்லி லிட்டர். தஸ்பீஹ் மணிகளை எண்ணிய எங்கள் விரல்கள் அந்த நொடிகளையும் எண்ணக் கற்றுக்கொண்டன. பதினொன்றாம் நாள் அம்மாவை வீட்டிற்கு அழைத்து வந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. அடுத்த கட்டிலில் ஒரு மீனவக் குடும்பத்தின் தந்தை இருந்தார். அதே நோய், அதே மருத்துவர், அதே அளவைகள். அக்குடும்பத்தாரும் நாங்களும் ஒரே தேநீரைப் பகிர்ந்து குடித்தோம். ஐந்தாம் நாள் அவர் இறந்துவிட்டார். அவர் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் வேண்டிய வேண்டுதல்களும் எங்களுடையவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. கத்ர் என்ற அரபுச் சொல்லுக்கு விதி என்ற பொருளோடு அளவு என்ற பொருளும் உண்டு. அளந்து பார்த்து முயல்வது மனிதரின் கடமை. முடிவின் அளவு நம் கையில் இல்லை. சிகிச்சைக்கு முழுமையாக முயல்வதும் தவக்குலும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த வராந்தாவில்தான் அதன் கனம் புரிந்தது.

மருத்துவக் கல்வி நம் ஊருக்குப் புதிதன்று. பிரெஞ்சியர் 1823இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வளர்ந்ததே, 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற நிறுவனம். மருத்துவமனைகள் இவ்வளவு அருகில் இருந்தும், அங்கே பேசப்படும் சொற்கள் நம் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே, இத்தகைய நிலை ஏற்படும் குடும்பங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

பி.பி. எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். சிறுநீர் எவ்வளவு வருகிறது, லாக்டேட் இறங்குகிறதா, எக்கோவில் இதயம் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் கேளுங்கள். டிரிப்ஸ் நிறுத்தப்பட்டால், சோதித்துப் பார்த்து நிறுத்தினீர்களா என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் அக்கேள்வியை வரவேற்பார். முந்தைய மாரடைப்பு, பழைய எக்கோ அறிக்கை, அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை முதல் மணி நேரத்திலேயே ஒப்படையுங்கள். எங்கள் தங்கை, அம்மாவின் பழைய அறிக்கைகளை ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தது, எவ்வளவு திரவம் தாங்கும் என்று மருத்துவர் முடிவெடுக்கப் பெரிதும் உதவியது. வெளிநாட்டு உறவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே மருத்துவரை அழைக்காமல், குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசிப் பிறருக்குத் தெரிவிக்கட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியின் வாயில் ஜம்ஜம் நீரை ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். மயக்கத்தில் இருப்பவரும் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவரும் அதனை விழுங்க இயலாது. நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். செவிலியரிடம் அனுமதி பெற்று, நனைத்த பஞ்சால் உதடுகளை ஈரமாக்கினால் போதும். அருகில் அமர்ந்து மெல்லிய குரலில் யாசீன் ஓதுவதையும் கையைப் பற்றியிருப்பதையும் பெரும்பாலான மருத்துவமனைகள் பார்வை நேரத்தில் தடுப்பதில்லை. அந்தக் கை குளிர்ந்திருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்பதும் ஒரு செய்திதான். அதையும் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நோயுற்ற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களின் கட்டிலருகே கண்விழித்திருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நற்கூலி அளிப்பானாக! அந்த மீனவத் தந்தையின் பிள்ளைகளுக்கு ஆறுதலைத் தருவானாக! ஆமீன்.